ஒரு தமிழ்ச் சொல், நாலு இங்கிலீஷ் சொல்: குழம்பாமல் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

மேடையில் மைக்கைத் தட்டிப் பார்ப்பவர், "பின்னால இருக்கவங்களுக்குக் கேக்குதா?" என்று கேட்கிறார். கூட்டம் அமைதியாகி அவர் பேச்சைக் கேட்கிறது. மூன்று இடத்துக்கும் தமிழில் 'கேள்' ஒன்றே போதும். இங்கிலீஷில் முதலாவது ஹியர், இரண்டாவது ஆஸ்க், மூன்றாவது லிஸன். மூன்றுக்கும் எதிரே 'கேள்' என்று எழுதி மனப்பாடம் செய்த பிள்ளை, வாக்கியம் எழுதும்போது கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போடுகிறது. அது ஞாபக மறதி அல்ல. குறிப்பு எடுத்த விதத்தில்தான் கோளாறு.

இங்கிலீஷ் சொல்லை இடப்பக்கம் எழுதி வலப்பக்கம் தமிழ் அர்த்தம் எழுதும் பழக்கம் நம் பள்ளிக்கூடங்களில் வேரோடிப் போயிருக்கிறது. வாசிக்க அது உதவும். எழுதவும் பேசவும் உதவாது. எழுதுகிறவர் தமிழில் நினைத்து இங்கிலீஷுக்குப் போகிறார். ஆகவே குறிப்பும் அந்தத் திசையில்தான் இருக்க வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படிப்பவர், தென்காசியிலிருந்து வங்கித் தேர்வுக்குத் தயாராகிறவர், வீட்டில் இருந்தபடியே இங்கிலீஷ் கற்கும் அம்மா என்று யாருக்கும் இந்த முறை பொருந்தும்.

முதல் படி: நோட்டைத் திருப்பிப் போடுங்கள்

80 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் நடுவில் தமிழ்ச் சொல்லை எழுதி வட்டமிடுங்கள். சுற்றிலும் அதற்கு வரக்கூடிய இங்கிலீஷ் சொற்களை எழுதுங்கள். நாலுக்கு மேல் வேண்டாம். ஆறேழு வந்தால் அடிக்கடி கண்ணில் படுகிற நாலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பின்பக்கத்துக்குத் தள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் மூன்று வரி இடம் விடுங்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் அடுத்த படிகள்.

எந்தச் சொற்களில் தொடங்குவது? கேள், பார், சொல், வாங்கு, சுற்று, கட்டு, எடு, போடு. வினைச்சொற்களை முதலில் முடித்துவிட்டால் பாதிப் பிழை அப்போதே குறைந்துவிடும்.

இரண்டாம் படி: 'எனக்கு' வருகிறதா, 'நான்' வருகிறதா?

இங்கிலீஷ் வைத்திருக்கும் பல வித்தியாசங்கள் தமிழிலும் இருக்கின்றன. நாம் அவற்றைச் சொல்லில் காட்டாமல் வாக்கியத்தில் காட்டுகிறோம், அவ்வளவுதான். "எனக்குக் கேக்குது" என்று சொன்னால் சத்தம் தானாக வந்து காதில் விழுகிறது. அது ஹியர். "நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னால் காதைக் கொடுத்துக் கேட்கிறோம். அது லிஸன். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணை யாரோ தட்டுகிறார்கள்; அடுத்த பிராகாரத்தில் நிற்பவருக்கும் அந்த ஓசை கேட்கிறது. அவர் செய்தது ஹியர். கிட்டே போய், எந்தத் தூணில் எந்த ஸ்வரம் என்று உன்னித்தால் லிஸன்.

பார்வைக்கும் இதே சோதனைதான். "எனக்குத் தெரியுது" என்றால் ஸீ. "நான் பாக்கேன்" என்றால் லுக் அல்லது வாட்ச். இந்த இரண்டையும் பிரிக்க இன்னொரு கேள்வி வேண்டும்: பார்க்கப்படுவது அசைகிறதா, மாறுகிறதா? ஆனித் திருவிழாவில் தேர் வருவதைப் பார்ப்பது வாட்ச். தேரில் செதுக்கிய மரச் சிற்பத்தைப் பார்ப்பது லுக். டிவியும் கிரிக்கெட்டும் எப்போதும் வாட்ச். தியேட்டரில் படம் பார்ப்பதற்கு ஸீ, வாட்ச் இரண்டும் சரி.

லிஸனுக்குப் பின்னால் டு வர வேண்டும், லுக்குக்குப் பின்னால் அட் வர வேண்டும். 'லிஸன் மியூசிக்' என்று எழுதினால் மதிப்பெண் போகும். ஹியர், ஸீ, வாட்ச் மூன்றும் ஒட்டு இல்லாமல் நேராக நிற்கும். ஹியர், ஸீ இரண்டும் நம் முயற்சி இல்லாமல் நடப்பதால் 'ஐ ஆம் ஹியரிங்' என்று நடப்புத் தொடர்ச்சியாக எழுதுவது பெரும்பாலும் ஒட்டாது. போனில் "கேக்குதா?" என்பதற்கு 'கேன் யூ ஹியர் மீ?' என்பதே இயல்பு.

மீதம் இருப்பது ஆஸ்க். தகவல் கேட்டாலும் ஆஸ்க், பொருள் கேட்டாலும் ஆஸ்க். ஆனால் பொருள் என்றால் ஃபார் சேர வேண்டும்: 'ஆஸ்க் ஹிம் ஃபார் மணி'. ஆளுக்கு முன்னால் டு வராது. 'ஆஸ்க் டு ஹிம்' தவறு. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு பிழை உண்டு: 'ஆஸ்க் எ டவுட்'. தமிழில் சந்தேகம் என்றால் புரியாத இடம். இங்கிலீஷ் டவுட் என்றால் நம்பாமை. வெளிநாட்டுப் பேராசிரியரிடம் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று அவர் நினைக்க இடமுண்டு. 'ஐ ஹேவ் எ கொஸ்சன்' என்று சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பொருளின் மேல் அந்த வேலை நடக்கிறது?

தமிழ் வினை, செயலின் பொது வடிவத்தைப் பிடிக்கிறது. இங்கிலீஷ் பல நேரம் பொருளின் வடிவத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. 'சுற்று' என்பதை எடுங்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தால் மூன்று சொல்லும் கண்முன்னே பிரிந்துவிடும். வெட்டிய இலையில் தூளை வைத்து விரலால் உருட்டுகிறார்கள். இலையே சுருண்டு குழலாகிறது. அது ரோல். அதன் மேல் நூலைச் சுற்றுகிறார்கள். நீளமான மெல்லிய ஒன்று இன்னொன்றின் மேல் வளையம் வளையமாக ஏறுகிறது. அது வைண்ட். கட்டுக் கட்டியபின் லேபிள் காகிதத்தால் பொதிகிறார்கள். அகலமான ஒன்று பொருளை மூடுகிறது. அது ராப். ஆக, தானே சுருண்டால் ரோல், நூல்போல் ஏறினால் வைண்ட், மூடினால் ராப். பாயைச் சுருட்டுவது ரோல், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வைண்ட், பரிசுப் பொருளைக் காகிதத்தில் பொதிவது ராப். வைண்டின் எழுத்தும் காற்றைக் குறிக்கும் விண்டின் எழுத்தும் ஒன்றே. உச்சரிப்பு மட்டும் வேறு என்பதை நோட்டில் குறித்து வையுங்கள்.

பம்பரம் சுற்றுவது ஸ்பின். பூமி தன்னைத்தானே சுற்றுவது ரொடேட், சூரியனைச் சுற்றுவது ரிவால்வ். ஊர் சுற்றுவது வாண்டர்.

அடுத்து அடுப்படி. நெல்லைப் பேச்சில் 'அவி' என்ற சொல் இட்லிக்கும் வரும், முட்டைக்கும் வரும், பனங்கிழங்குக்கும் வரும். இங்கிலீஷில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தண்ணீர் பொருளைத் தொடுகிறதா? பனங்கிழங்கு மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் முழுகிக் கிடக்கிறது, ஆகவே பாயில். இட்லியை ஆவி மட்டுமே தொடுகிறது, ஆகவே ஸ்டீம். தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் ஓரத்தில் சிறு குமிழி மட்டும் வரும்படி தணித்து வைத்தால் ஸிம்மர். நம் அடுப்பில் 'சிம்'மில் வைப்பதாகச் சொல்வது இதைத்தான்.

அல்வா கிண்டுவதை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் நெருக்கமான சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். சம்பா கோதுமையை ஊறவைக்கிறோம்: ஸோக். டீத்தூளை வெந்நீரில் ஊறவிடுவதும் தமிழில் ஊறல்தான், ஆனால் அது ஸ்டீப். ஸோக்கில் ஊறிய பொருள் நமக்கு வேண்டும். ஸ்டீப்பில் ஊறிய நீர் வேண்டும். ஊறிய கோதுமையை அரைப்பது கிரைண்ட். உருளைக்கிழங்கைக் கையால் மசிப்பது மாஷ், இஞ்சியை நசுக்குவது கிரஷ். அரைத்ததைத் துணியில் போட்டுப் பால் பிழிவது ஸ்ட்ரெயின். சோறு வடிப்பதற்கு ஸ்ட்ரெயினும் வரும். கஞ்சியை வேண்டாமென்று விடுகிறோம் என்பதை அழுத்தமாகச் சொல்ல ட்ரெயின் பொருந்தும். ரயிலைக் குறிக்கும் சொல் இல்லை இது. சாக்கடை ட்ரெய்னேஜில் வருகிற ட்ரெயின். கண்ணுக்குத் தெரியாத தூசியையும் நிறுத்தும் அளவு நுண்ணிய வடிகட்டல் ஃபில்டர். சர்க்கரை தண்ணீரில் கரைவது டிஸால்வ், உறைந்த நெய் சூட்டில் உருகுவது மெல்ட். கரைவதற்கு ஒரு திரவம் வேண்டும், உருகுவதற்குச் சூடு மட்டும் போதும். இங்கே தமிழும் இங்கிலீஷும் ஒரே கோட்டில் நிற்கின்றன. கரை, உருகு என்ற நம் பிரிவை அப்படியே நம்பலாம். கடைசியில் கைவிடாமல் கிண்டுவது ஸ்டிர். மிக்ஸ் என்பது சேர்ந்து ஒன்றாகும்வரைதான். சேர்ந்தபின் அடிப்பிடிக்காமல் தொடர்ந்து கிண்டுவதற்கு மிக்ஸ் பொருந்தாது.

நிழலுக்கும் உயரத்துக்கும் ஒரு பனைமரம் போதும். உச்சி வெயிலில் ஒதுங்க இடம் தேடினால் பனையடியில் நிழல் அதிகம் கிடைக்காது. அந்த ஒதுங்கும் நிழல் ஷேட். அதே மரம் சாயங்காலம் தரையில் கோடு போட்டது போல நீள நிழல் விழவைக்கும், அது ஷேடோ. ஷேடோவுக்கு வடிவம் உண்டு, ஷேடுக்கு இடமும் குளிர்ச்சியும் உண்டு. மரம் ஒடுக்கமாக ஓங்கி நிற்பதால் டால். அதன் உச்சியில் பாளை சீவுகிறவர் தரையிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால் ஹை. மனிதர், மரம், கோபுரம் டால். மலை, மதில், கூரை ஹை. அகத்தியமலை 1,868 மீட்டர் ஹை. அதை டால் என்று எழுதக் கூடாது.

நான்காம் படி: பக்கத்துணை யார்?

சில சொற்கள் அர்த்தத்தால் பிரிவதைவிடச் சேர்க்கையால் பிரிகின்றன. பலத்த மழை, பலத்த காற்று என்று நாம் ஒரே அடைமொழி போடுகிறோம். இங்கிலீஷில் மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங். பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவது ஸ்ட்ராங் விண்ட். அதை ஹெவி விண்ட் என்று எழுதினால் வாசிப்பவருக்கு நெருடும். திக்கான டீ ஸ்ட்ராங், நெரிசலான போக்குவரத்து ஹெவி. ஏன் என்று கேட்டால் எல்லா இடத்திலும் காரணம் கிடைக்காது. மொழி அப்படிப் பழகிவிட்டது. இந்த வகையைப் புரிந்துகொள்ள முயல்வதைவிட ஜோடியாக மனதில் ஏற்றுவதே நல்லது.

'சொல்' என்பதன் பிரிவும் சேர்க்கையில்தான் இருக்கிறது. டெல்லுக்குப் பின்னால் உடனே ஆள் வர வேண்டும்: 'டோல்ட் மீ'. ஸேக்குப் பின்னால் சொன்ன பேச்சு வர வேண்டும். ஆளைச் சொல்ல விரும்பினால் டு போட வேண்டும்: 'செட் டு மீ'. 'ஹி செட் மீ' என்பதும் 'ஹி டோல்ட் தட்' என்பதும் நம் விடைத்தாள்களில் அன்றாடம் காணும் பிழைகள். உண்மை, பொய், கதை போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆள் இல்லாமலேயே டெல் வரும். மொழி என்றால் ஸ்பீக். இரண்டு பேர் மாறி மாறிப் பேசினால் டாக். டிஸ்கஸ் என்பதற்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது. அதன் பின்னால் அபவுட் போடக் கூடாது.

பணம் சம்பந்தப்பட்ட சொற்களையும் இப்படியே ஜோடி சேர்த்து எழுதுங்கள். நெல்லை புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து தென்காசிக்கு டிக்கெட் எடுப்பது ஃபேர். நாங்குநேரியில் காரை நிறுத்திக் கட்டுவது டோல். ஹெல்மெட் இல்லாமல் போய்க் கட்டுவது ஃபைன். பள்ளிக்கும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் கொடுப்பது ஃபீஸ். வீட்டுக்கு ரென்ட், கல்யாணத்துக்கு ஒரு நாள் வேன் பிடித்தால் ஹயர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்குவதும், நாற்று நட்ட கூலியும் வேஜஸ். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் ஏறுவது சாலரி. கடைக்காரர் சொல்வது ப்ரைஸ். அதை வாங்கப் போன பஸ் காசும் சேர்த்து உங்களுக்கு ஆனது காஸ்ட். விலைக்கும் பரிசுக்கும் தமிழ் எழுத்தில் ஒரே ப்ரைஸ்தான். இங்கிலீஷில் எழுத்தும் வேறு, கடைசி ஒலியும் வேறு. பரிசில் அந்த ஒலி வண்டு ரீங்காரம் போல அதிரும்.

இரவல், கடன் விஷயத்தில் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வாங்கும் கை பாரோ, கொடுக்கும் கை லெண்ட்.

ஐந்தாம் படி: சொல்லுக்கு என்ன மரியாதை, என்ன வாடை?

செத்தான், இறந்தார், காலமானார் மூன்றும் ஒரே நிகழ்ச்சி. இரங்கல் செய்தியில் முதலாவதைப் போட்டால் ஊரே சண்டைக்கு வரும். சோறு வீட்டில், சாதம் ஓட்டலில், அன்னம் கோயிலில். இந்தக் காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை இங்கிலீஷுக்கும் கொண்டுபோக வேண்டும்.

இங்கிலீஷில் இந்த அடுக்கு வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. குடிமக்கள் வாயில் பழைய இங்கிலீஷ் தங்கியது. மேலே அறிவுலகம் லத்தீன் சேர்த்தது. ஆகவே ஆஸ்க் வீட்டுச் சொல். கொஸ்சன் சற்று விறைப்பு. இன்டெராகேட் என்றால் போலீஸ் விசாரணை. பை, பர்ச்சேஸ் இரண்டும் வாங்குவதுதான். சந்தையில் கத்திரிக்காய்க்கு பை, அலுவலக ரசீதுக்கு பர்ச்சேஸ். கலெக்டருக்கு மனு எழுதும்போது ஆஸ்க் வேண்டாம், ரிக்வெஸ்ட் எழுதுங்கள்.

வாடை என்று சொன்னதால் மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்மெல் நடுநிலைச் சொல்லாக இருந்தாலும், ஆளைப் பார்த்து 'யூ ஸ்மெல்' என்றால் நாற்றம் என்றே அர்த்தம். நெய்யும் காப்பியும் அரோமா, மல்லிகை ஃப்ராக்ரன்ஸ், சாக்கடை ஸ்டென்ச். நாற்றம் என்ற நம் சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. சொற்களுக்கு இப்படிக் குணம் மாறுவது எல்லா மொழியிலும் உண்டு.

ஸ்லிம் பாராட்டு, தின் தகவல், ஸ்கின்னி குறை. சைல்ட்லைக் என்றால் குழந்தை உள்ளம், சைல்டிஷ் என்றால் சிறுபிள்ளைத்தனம். ஓல்டுக்குப் பக்கத்தில் நிற்பவையும் இப்படித்தான்: ஆதிச்சநல்லூர்த் தாழி ஏன்ஷியன்ட், தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி ஆன்டீக், தாத்தாவை மரியாதையாகச் சொல்ல எல்டர்லி. வ.உ.சி. கைதானதும் 1908 மார்ச் 13 அன்று நெல்லையில் வெடித்த எழுச்சி ஹிஸ்டாரிக், அதாவது வரலாற்றில் இடம்பிடித்தது. அந்தக் காலத்தைப் பற்றி இன்று எழுதப்படும் நாவல் ஹிஸ்டாரிக்கல். வரலாற்றைச் சார்ந்தது என்று மட்டும் பொருள்.

நம் சீமைச் சொற்களில் அகராதி காலை வாரும் இடங்கள்

குளம் என்றால் அகராதி பாண்ட் என்று சொல்லும். பாண்ட் வாத்து நீந்தும் சிறு நீர்நிலை. மானூர்ப் பெரியகுளத்தை அப்படி எழுதினால் அளவே மாறிப்போகும். கரை கட்டி, மடை வைத்து, வயலுக்குப் பாயும் நம் குளங்களுக்கு இந்திய இங்கிலீஷில் டேங்க் என்று பெயர். வெளிநாட்டார் வாசிக்கப் போவதானால் இரிகேஷன் டேங்க் என்று முழுதாக எழுதுங்கள். வெறும் டேங்க் என்றால் மொட்டைமாடித் தொட்டியையோ பட்டாளத்து வண்டியையோ நினைப்பார்கள்.

"காட்டுக்குப் போயிருக்காக" என்று சொன்னால் நம் கிராமங்களில் பெரும்பாலும் புன்செய் நிலத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். அது ஃபீல்ட். ஃபாரஸ்ட் என்று எழுதினால் களக்காடு, முண்டந்துறைப் புலிகள் நடுவே அவர்களைக் கொண்டு விட்டது போலாகும். காட்டின் அடர்த்தியையும் புதரையும் சொல்ல ஜங்கிள்.

சாரல் என்ற அழகான சொல்லுக்கு ஒற்றை இங்கிலீஷ் சொல் கிடையாது. குற்றாலத்தில் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கு வழியே கொண்டுவரும் பூந்தூறல் ட்ரிஸில். அருவி பாறையில் மோதித் தெறித்து முகத்தில் அடிப்பது ஸ்ப்ரே. சட்டென்று வந்து சட்டென்று நிற்கும் மழை ஷவர். மலையை மூடும் வெண்மையில் ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்டே கண் தெரிந்தால் ஃபாக், அதற்கு மேலும் தெரிந்தால் மிஸ்ட்.

ஆறாம் படி: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

எழுதிய வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் ஜோடியை வையுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். அர்த்தம் மாறாவிட்டால் 'இங்கே இரண்டும் சரி' என்று எழுதிவிட்டுப் போங்கள். அர்த்தம் மாறினால் மாறியது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள்: பிக் பிரதர் அண்ணன், லார்ஜ் பிரதர் பருத்த சகோதரன். வாக்கியமே உடைந்தால் அதுதான் எல்லைக்கல்: வகுப்பு தொடங்குவதற்கு ஸ்டார்ட், பிகின் இரண்டும் வரும், பஸ் எஞ்சினுக்கு பிகின் வராது. கடைக்கு ஷட், க்ளோஸ் இரண்டும் வரும்; வங்கிக் கணக்குக்கு க்ளோஸ் மட்டும். உடைந்த வாக்கியத்தைச் சிவப்பு மையில் எழுதி அடித்துவையுங்கள். சரியானதைவிட அடிபட்டதுதான் நன்றாக நினைவில் நிற்கும்.

சந்தேகம் தீரவில்லையா? இங்கிலீஷ் தமிழ் அகராதியை மூடிவிட்டு, கற்பவர்களுக்கென்று தயாரித்த இங்கிலீஷ் இங்கிலீஷ் அகராதியைத் திறங்கள். அர்த்தத்தை முதலில் வாசிக்காதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களை நாலைந்து வாசித்து, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்களை நோட்டில் இறக்குங்கள். பிறகு அர்த்தம் பாருங்கள். ஒருபொருள் சொற்களை அடுக்கித் தரும் தெசாரஸை மட்டும் நம்பி எழுதுவது ஆபத்து. அது உறவினர்களின் பெயரைச் சொல்லும். அத்தையா சித்தியா என்று சொல்லாது.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம், இருபது நிமிடம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் அந்தப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு தமிழ்ச் சொல்லை மட்டும் பார்த்து இங்கிலீஷ் வாக்கியங்களைச் சொல்லுங்கள். ஏழாம் நாளும் தடுமாறும் ஜோடிக்கு எடுத்துக்காட்டு சரியில்லை என்று அர்த்தம். அதை அடித்துவிட்டு, உங்கள் தெருவில், உங்கள் அடுப்படியில், நீங்கள் ஏறும் பஸ்ஸில் நடக்கும் ஒன்றை வைத்துப் புதிதாக எழுதுங்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒருபொருள் சொல் கேட்கும் கேள்வியில் நாலு விடையில் இரண்டு நெருக்கமாக இருந்தால், கேட்ட சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்து, இரண்டு விடையையும் அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது சொல்லின் வாடை. கேட்ட சொல் பழிச்சொல்லாக இருந்தால் விடையும் பழிச்சொல்லாகவே இருக்கும்: நொட்டோரியஸுக்கு ஃபேமஸ் விடையாகாது, இன்ஃபேமஸ்தான் விடை.